மைனரில் ஷட்ஜம் எங்கே போகிறது?

ஜாஸ் கற்றுக்கொள்ள வருகிற யாருக்கும் முதல் சில மாதங்களிலேயே ஓர் அட்டவணை கைக்கு வந்துவிடும். மைனர் ஸ்கேல், அதாவது மைனர் சுர வரிசை, மூன்று: நேச்சுரல், ஹார்மோனிக், மெலோடிக். ஒவ்வொன்றிலும் ஏழு சுரம். ஒவ்வொரு சுரத்திலிருந்தும் தொடங்கினால் ஒரு மோடு. மூவேழு இருபத்தொன்று. டோரியன், ஃப்ரிஜியன், லோக்ரியன், லிடியன் டாமினன்ட், ஆல்டர்ட் என்று பெயர்கள் வரிசை கட்டி நிற்கும். இந்தக் கார்டுக்கு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுக்கு) இந்த மோடு, அந்தக் கார்டுக்கு அந்த மோடு என்று எதிரே குறித்திருக்கும். காரைக்குடியில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறவன் நான். பல வருஷமாக இந்த அட்டவணை எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதில் பிழை ஏதும் இல்லை, ஒவ்வொரு வரியும் சரிதான். ஆனாலும் அதை மனப்பாடம் செய்த பிள்ளை வாசிக்கும்போது, கார்டு மாறுகிற இடமெல்லாம் ஒட்டுப்போட்ட துணிபோலத் தையல் தெரிகிறது. சுரம் சரியாக விழுகிறது, பாட்டு நகரவில்லை.

மேஜரில் இந்தச் சிக்கல் அவ்வளவாக வருவதில்லை. அங்கே ஒரே சங்கராபரணத்தை வைத்துக்கொண்டு பாதிப் பாட்டை ஓட்டிவிடலாம். மைனரில்தான் ஆறாவது சுரமும் ஏழாவது சுரமும் நிலைகொள்ளாமல் ஆடுகின்றன. எதை எப்போது எடுப்பது என்று கேட்டால் அட்டவணை பெயரைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தக் காரணத்தைப் பிடிக்க வேறொரு பிடி உண்டு. சுருதி கேட்டு வளர்ந்த காது அது. அதை ஓரமாக வைத்துவிட்டுப் பெயர்களை மட்டும் ஏற்றுவது எனக்குச் சம்மதமில்லை.

பக்கத்துப் பக்கத்தில் நான்கு மேளம்

கர்நாடக இசை கொஞ்சம் காதில் விழுந்தவர்களுக்கு மைனர் ஸ்கேல்கள் புதிதே அல்ல. தாய் ராகங்களின் வரிசையான மேளகர்த்தாவில் 20 நடபைரவி, 21 கீரவாணி, 22 கரஹரப்பிரியா, 23 கௌரிமனோகரி. நேச்சுரல் மைனர்தான் நடபைரவி. ஹார்மோனிக் மைனர் கீரவாணி. டோரியன் கரஹரப்பிரியா. ஜாஸ்காரர்கள் மெலோடிக் மைனர் என்பது கௌரிமனோகரி. நான்கும் ஒரே வேத சக்கரத்தில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. ஷட்ஜம் (ஆதார சுரமான ஸ), சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம் நான்குக்கும் பொது. மாறுவதெல்லாம் மேலே இருக்கிற தைவதமும் நிஷாதமும்தான். தைவதத்தில் சுத்தம் தாழ்ந்தது, சதுஸ்ருதி உயர்ந்தது; நிஷாதத்தில் கைசிகி தாழ்ந்தது, காகலி உயர்ந்தது. சுத்த தைவதத்தோடு கைசிகி நிஷாதம் வந்தால் நடபைரவி, காகலி வந்தால் கீரவாணி. சதுஸ்ருதி தைவதத்தோடு கைசிகி வந்தால் கரஹரப்பிரியா, காகலி வந்தால் கௌரிமனோகரி. இரண்டு தைவதம், இரண்டு நிஷாதம், நான்கு சேர்க்கை. அவ்வளவுதான் மைனர். இதைச் சொல்லிக்கொடுத்த அன்று பிள்ளைகள் முகத்தில் தெரியும் தெளிவை அட்டவணை ஒருநாளும் கொடுத்ததில்லை. கௌரிமனோகரி எப்படி இருக்கும் என்று கேட்டால் ‘பாட்டும் நானே’ என்று முதல் அடியைப் பாடிக் காட்டினால் போதும்; வீட்டில் தாத்தா பாட்டி இருக்கிற எந்தப் பிள்ளைக்கும் அது தெரியும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கௌரிமனோகரி என்று நான் எழுதும்போது சுர வரிசையைத்தான் சொல்கிறேன், ராகத்தை அல்ல. கரஹரப்பிரியாவின் காந்தாரம் அசைகிற அசைவு கீபோர்டில் வராது, வர வேண்டியதும் இல்லை. ‘சக்கனி ராஜ மார்கமு’ கேட்டவர் யாரும் அதையும் டோரியனையும் ஒன்றென்று சொல்லமாட்டார். படிக்கட்டு ஒன்று, ஏறுகிற நடை வேறு.

ஐரோப்பியர்களுக்கு மைனர் ஏன் மூன்றாகப் பிரிந்தது என்பதும் தைவத நிஷாதக் கதைதான். அவர்களுக்கு ஐந்தாவது சுரத்தில் கட்டிய கார்ட் ஷட்ஜத்தை நோக்கித் தள்ள வேண்டும். அந்தத் தள்ளு காகலி நிஷாதத்தில் இருக்கிறது. நடபைரவியில் இருப்பது கைசிகி; அதை அரைக் கட்டை (கீபோர்டில் அடுத்த சாவிக்கு) ஏற்றினார்கள், கீரவாணி ஆயிற்று. இப்போது சுத்த தைவதத்துக்கும் காகலி நிஷாதத்துக்கும் நடுவே ஒன்றரைக் கட்டை இடைவெளி. சேர்ந்து பாடுகிற குரல்களுக்கு அந்தத் தாவல் இடறியது. ஆகவே ஏறும்போது தைவதத்தையும் உயர்த்தினார்கள். இறங்கும்போது தள்ளு தேவையில்லை என்பதால் பழையபடி நடபைரவிக்கே வந்தார்கள். அவர்களுடைய மெலோடிக் மைனர் இதுதான். நம் பைரவியிலும் ஏறும்போது ஒரு தைவதம், இறங்கும்போது ஒரு தைவதம் என்பதை நினைத்துக்கொண்டால் இதில் ஆச்சரியம் இல்லை. அவர்கள் நிரப்பிய அந்த ஒன்றரைக் கட்டை இடைவெளியில்தான் நம்மவர்கள் கீரவாணியின் உயிரையே வைத்தார்கள் என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் சிலிர்ப்புத் தருகிற விஷயம்.

ஜாஸில் அந்த ஏற்ற இறக்க வேறுபாட்டை விட்டுவிட்டார்கள். ஏறினாலும் இறங்கினாலும் அதே கௌரிமனோகரி. ஆனால் ஒரு நல்ல ஜாஸ் வாசிப்பாளர் மைனர் கார்டின் மேல் நிற்கும்போது நான்கு மேளத்தையும் கலந்தே புழங்குவார். பழைய மைனர் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு உள்வரி உண்டு: கார்ட் அப்படியே நிற்க, நடுவில் ஒரு குரல் மட்டும் ஷட்ஜம், காகலி, கைசிகி, சதுஸ்ருதி தைவதம் என்று அரை அரைக் கட்டையாக இறங்கும். நாலே சுரத்தில் கௌரிமனோகரியிலிருந்து கரஹரப்பிரியாவுக்கு வந்தாயிற்று. இதற்கு மோடு பெயர் தேடிக்கொண்டு உட்கார்ந்தால் பாட்டு போய்விடும்.

கானாடுகாத்தானில் ஒரு மத்தியானம்

என் மனசில் கிடந்ததற்கு உருவம் கிடைத்தது ஒரு கல்யாண வீட்டில். கானாடுகாத்தானில் சொந்தக்காரர் வீடு. மாலை வரவேற்புக்கு நான் கீபோர்டு வாசிப்பதாக ஏற்பாடு. மத்தியானப் பந்தி முடிந்து ஆச்சிமார் இரண்டாம்கட்டுப் பக்கம் ஒதுங்கிவிட்டார்கள். முற்றத்தைச் சுற்றிய வளவில் ஆள் நடமாட்டம் குறைந்திருந்தது. தூண் ஓரமாகக் கீபோர்டை வைத்துச் சத்தத்தைக் குறைத்து ஒரு மைனர் முடிப்பைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். ஜாஸில் மைனர் பாட்டு வீடு திரும்புகிற வழி இதுதான்: இரண்டாவது கார்ட், ஐந்தாவது கார்ட், பிறகு ஒன்று. நான் வைத்திருந்தது டி மைனர். ஆகவே ஈ ஹாஃப் டிமினிஷ்ட், ஏ செவன்த் ஆல்டர்ட், டி மைனர்.

காலையில் முகூர்த்தத்துக்கு வாசித்த நாதஸ்வர வித்துவான் பட்டாலை மேடையில் சாய்ந்து சீவாளியை (நாதஸ்வரத்தின் ஊதுவாயை)த் துடைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “தம்பி, அது ரெண்டு கட்டையா?” என்றார். டி என்றால் நம் கணக்கில் இரண்டு கட்டை. அவருடைய பாரி நாயனமும் அதே சுருதி. “ஆமாண்ணே” என்றேன். அவர் பையிலிருந்து எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியை எடுத்து இரண்டு கட்டையில் வைத்து என் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். “இப்ப வாசிங்க. ஒண்ணொண்ணா, மெதுவா.”

ஈ கார்டின் மேல் ஜி மெலோடிக் மைனரை வாசித்தேன். அட்டவணைப்படி அது லோக்ரியன் நேச்சுரல் டூ, மெலோடிக் மைனரின் ஆறாவது மோடு. அவர் உடனே, “சாருகேசி” என்றார். பெட்டியில் டி ஒலித்துக்கொண்டிருந்ததால் அவர் காது டி-யிலிருந்தே கணக்குப் போட்டது. டி, ஈ, எஃப் ஷார்ப், ஜி, ஏ, பி ஃபிளாட், சி. அந்தர காந்தாரம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். சாருகேசியேதான். கார்டின் அடியிலிருந்து எண்ணாமல் பாட்டின் ஷட்ஜத்திலிருந்து எண்ணினார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்து ஏ கார்ட். அதன் மேல் பி ஃபிளாட் மெலோடிக் மைனர், அதாவது ஆல்டர்ட். வாசித்ததும் அவர் முகம் சுருங்கியது. பெட்டியைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். “திரும்ப.” திரும்ப வாசித்தேன். “இதுல ஷட்ஜம் எங்க தம்பி?”

“இல்லைண்ணே.”

“இல்லைன்னா?”

சுரத்தைச் சொல்லிச் சொல்லி வாசித்தேன். பஞ்சமம், சுத்த தைவதம், கைசிகி, காகலி, அதற்கு மேல் ஷட்ஜத்தைத் தொடாமல் தாண்டி சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம். இரண்டு நிஷாதமும் அடுத்தடுத்து இருக்கிறது. காகலிக்கும் சுத்த ரிஷபத்துக்கும் நடுவில் ஷட்ஜம் மட்டும் காலியாகக் கிடக்கிறது. பெட்டியோ விடாமல் அந்த ஷட்ஜத்தைத்தான் ஒலித்துக்கொண்டிருந்தது. காகலியும் சுத்த ரிஷபமும் இரண்டு பக்கமிருந்தும் அதன்மேல் உரசின. அவர் கையை நீட்டிப் பெட்டியை அணைத்தார். “இப்ப மூணையும் சேர்த்து.”

மூன்றையும் வாசித்தேன். சாருகேசி, பிறகு ஷட்ஜமே இல்லாத அந்த இடம், பிறகு டி மைனரில் கௌரிமனோகரி. மூன்றாவது கார்டில் என் விரல் விழுவதற்கு ஒரு கணம் முன்னால் அவர் வாயால் “ஸா” என்று பிடித்தார். பிடித்துக் கொஞ்ச நேரம் விடவில்லை. வளவில் கூரைவரை அந்த ஒற்றைச் சுரம் ஏறி நின்றது. பிறகு சொன்னார்: “அந்த நடு இடம் ராகமில்லை தம்பி, அதை நான் ஒத்துக்க முடியாது. ஆனா இந்த ஷட்ஜத்துக்கு நான் காத்திருந்தேன். அதை இல்லைன்னு சொல்ல முடியாது.”

ஒதுக்கப்பட்ட மூன்று

அவர் ராகமில்லை என்று சொன்னதற்குப் பலமான காரணம் இருக்கிறது. கௌரிமனோகரியைக் கிரகபேதம் செய்தால், அதாவது அதன் வேறொரு சுரத்தை ஷட்ஜமாக வைத்துத் தொடங்கினால், ரிஷபத்தில் நாடகப்பிரியா, மத்யமத்தில் வாசஸ்பதி, பஞ்சமத்தில் சாருகேசி கிடைக்கும். காந்தாரம், தைவதம், நிஷாதம் மூன்றிலும் எதுவும் கிடைக்காது. அங்கே தொடங்கினால் பஞ்சமம் வராது. பஞ்சமம் இல்லாதது மேளம் ஆகாது என்று நம்மவர்கள் அந்த மூன்றையும் தள்ளிவைத்துவிடுவார்கள். காரைக்குடி சகோதரர்களான சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் வாசித்த வீணை மரபை இன்னும் பெருமையாகப் பேசுகிற ஊர் இது. வீணை இருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம், அதே மெட்டுகளில் வேறோர் இடத்திலிருந்து தொடங்கிப் பார்த்து அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஜாஸ் அட்டவணையில் அந்த மூன்றுக்கும் பெயர் உண்டு. காந்தாரத்தில் தொடங்குவது லிடியன் ஆக்மென்டட், தைவதத்தில் லோக்ரியன் நேச்சுரல் டூ, நிஷாதத்தில் ஆல்டர்ட். பின்னிரண்டும்தான் மைனர் முடிப்பின் முதல் கார்டிலும் இரண்டாவது கார்டிலும் வந்து உட்காருபவை. நாம் நிற்காது என்று ஒதுக்கியதை அவர்கள் நிற்காது என்பதற்காகவே எடுத்துக்கொண்டார்கள். நாதஸ்வரக்காரர் அரை நாள் விரித்து வாசிக்க ஒரு ராகம் வேண்டும், அது நிற்க வேண்டும். ஜாஸ்காரருக்கு ஐந்தாவது கார்டில் இரண்டு நொடி போதும், அது நிற்கவே கூடாது. இரண்டு மரபும் ஒரே உண்மையைத்தான் பார்த்திருக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. பயன்படுத்திய விதம்தான் வேறு.

ஆல்டர்ட்டில் நாலாவது சுரம் கிடையாது என்று எல்லாப் பாடத்திலும் இருக்கிறது. ஏ-யிலிருந்து எண்ணினால் நாலாவது எது? டி. பாட்டின் ஷட்ஜம். கார்டிலிருந்து எண்ணும்போது அது ஒரு வெறும் இல்லாத சுரம். பாட்டின் ஷட்ஜத்திலிருந்து எண்ணும்போதுதான் எது இல்லாமல் போயிருக்கிறது என்று தெரிகிறது. பிள்ளைகளின் வாசிப்பில் தையல் தெரிவதற்கும் இதுதான் காரணம். ஒவ்வொரு கார்டிலும் புதிதாக ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கச் சொல்லி அவர்களைப் பழக்குகிறோம். காது அந்த நேரம் முழுக்க ஒரே ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஷட்ஜத்தை அசையாமல் வைத்துப் பார்த்தால் மைனர் முடிப்பில் நம்மிடம் இருக்கிற வழிகளும் தெளிவாகத் தெரிகின்றன. முதல் கார்டில் நடபைரவியிலேயே இருக்கலாம். காந்தாரத்தை மட்டும் ஏற்றிச் சாருகேசிக்குப் போகலாம், கொஞ்சம் வெளிச்சம் கூடும். இரண்டாவது கார்டில் கீரவாணியை வைத்துக்கொள்ளலாம். கார்டின் அடியிலிருந்து பார்த்தால் அது வகுளாபரணம். பஞ்சமம் உண்டு, பாட்டின் ஷட்ஜமும் உண்டு. கேட்பவர் வீட்டைவிட்டு வெளியே போவதே இல்லை. அல்லது ஷட்ஜத்தைக் கழற்றிவிட்டு ஆல்டர்ட்டுக்குப் போகலாம். மூன்றாவது கார்டில் கௌரிமனோகரியா கரஹரப்பிரியாவா என்பது நிஷாதத்தை எவ்வளவு கூர்மையாக விட விரும்புகிறோம் என்பதைப் பொறுத்தது. எனக்குக் கீரவாணி வழிதான் நெருக்கம். மெதுவான பாட்டில் ஆல்டர்ட்டை நிறையத் தூவினால் ஏக்கம் போய் வித்தை மட்டும் மிஞ்சுகிறது. வேகமான பாட்டில், ஒரே ஒரு தடவை, கடைசிச் சுற்றில் வந்தால் அது அற்புதம்.

சென்னையில் பேஸ் வாசிக்கிற நண்பர் இதற்கு மறுப்புச் சொன்னார். மேடையில் கார்ட் பறக்கிற வேகத்தில் யார் ஆதார ஷட்ஜத்திலிருந்து எண்ணிக்கொண்டிருப்பது, ‘அரைக் கட்டை மேலே மெலோடிக் மைனர்’ என்ற குறுக்குவழிதானே விரலுக்கு எட்டுகிறது என்றார். விரலுக்கு அது வேண்டும், நானும் அப்படித்தான் எட்டுகிறேன். அதிலும் ஓர் அழகு உண்டு: டி மைனர் முடிப்பில் வருகிற மூன்று மெலோடிக் மைனருக்கும் தொடக்கம் ஜி, பி ஃபிளாட், டி. மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஜி மைனர் கார்ட். இதை ஒரு தடவை கை பிடித்துவிட்டால் எந்தக் கட்டைக்கும் தூக்கிக்கொண்டு போகலாம். நான் சொல்வது காதைப் பற்றி. விரல் எந்த வழியில் போனாலும், ஷட்ஜம் இப்போது இருக்கிறதா இல்லையா என்று காது அறிந்திருக்க வேண்டும்.

நகர்வது வேறு, மறைவது வேறு

அதே நண்பர் கேட்ட இன்னொரு கேள்வி கனமானது. ஷட்ஜமே இடம் மாறுகிற பாட்டுகளில் என்ன செய்வாய்? ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959-இல் பதிவுசெய்த ‘ஸோ வாட்’டை எடுத்துக்கொண்டார். அதில் முப்பத்திரண்டு பார் (தாளச் சுற்று). முதல் பதினாறு டி டோரியன். அடுத்த எட்டு ஈ ஃபிளாட் டோரியன். கடைசி எட்டு மறுபடி டி. நம் கணக்கில் இரண்டு கட்டையில் கரஹரப்பிரியா, பிறகு இரண்டரைக் கட்டையில் அதே கரஹரப்பிரியா, பிறகு திரும்ப இரண்டு கட்டை. பில் எவன்ஸின் பியானோ அங்கே வைக்கிற கார்டுகள் கூட மூன்றடுக்கு மூன்றடுக்காகக் கட்டிய வழக்கமான கார்டுகள் அல்ல, பெரும்பாலும் நாலு நாலு சுரமாகத் தாண்டிக் கட்டியவை. ஆகவே அவை எதையும் எங்கும் தள்ளுவதில்லை. பதினாறு பார் ஒரே இடத்தில் இருப்பு. சுருதி கேட்டுப் பழகியவருக்கு ஜாஸில் இதைவிட நல்ல வாசல் இல்லை என்பேன்.

அந்த எட்டு பாரில் ஷட்ஜம் மறையவில்லை, நகர்ந்திருக்கிறது. நாலைந்து நொடியில் காது புதிய ஷட்ஜத்தை ஏற்றுக்கொள்கிறது, அதில் உட்கார்ந்தும் விடுகிறது. ஏ ஆல்டர்ட்டில் அப்படி யாரும் பி ஃபிளாட்டை ஷட்ஜமாக ஏற்பதில்லை. அட்டவணையில் அது பி ஃபிளாட் மெலோடிக் மைனர் என்று எழுதியிருந்தாலும் காது டி-க்காகத்தான் காத்திருக்கிறது. அட்டவணையில் இரண்டுக்கும் ஒரே தலைப்பு: ஸ்கேல் மாற்றம். அதனால்தான் அதைப் படித்த பிள்ளை இரண்டையும் ஒரே மாதிரி வாசிக்கிறது. ஈ ஃபிளாட்டில் நிதானமாக உட்கார வேண்டிய இடத்தில் அவசரப்படுகிறது, ஆல்டர்ட்டில் அவசரப்பட வேண்டிய இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது.

இப்போது என் வகுப்பில் மைனர் தொடங்கும்போது சுருதிப் பெட்டியையும் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். நான்கு மேளமும் இரண்டு கட்டையில், பெட்டி ஓடிக்கொண்டிருக்க. தைவதமும் நிஷாதமும் மாறுவதைப் பாடிவிட்டு வாசிக்க வேண்டும். பிறகு நான் பேஸ் வாசிக்க, பிள்ளை முடிப்பை வாசிக்கும். ஏ கார்ட் வரும்போது பெட்டியை அணைக்கலாமா வேண்டாமா என்பதை நான் சொல்வதில்லை. போன மாதம் பத்தாவது படிக்கிற ஒரு பெண் அதைக் கேட்டுவிட்டு, “சார், இந்த இடத்துல பெட்டி பொய் சொல்லுதா, நம்ம பொய் சொல்றோமா?” என்று கேட்டாள். இரண்டு விதமாகவும் வாசித்துப் பார்க்கச் சொன்னேன். அணைக்காமல் வாசிப்பதுதான் தனக்குப் பிடித்திருக்கிறது என்றாள். அந்த உரசலோடு, கீரவாணியில் அல்லாமல் ஆல்டர்ட்டில், முழுசாக. அடுத்த வகுப்புக்கு அவளையே ஒரு பாட்டு எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.